கிரெடிட் கார்டுக் கடன்: மற்றவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பலர், ஸ்டேட்மென்ட்டை மேசையில் எடுத்து வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "பொதுவாக மற்றவர்களுக்கு எவ்வளவு கடன் இருக்கும்?" தங்கள் தொகையைச் சொல்லக் கூச்சம், நமக்கு மட்டும்தான் இப்படியோ என்ற பயம். அந்தக் கேள்விக்கும் அதன் பின்னாலேயே வரும் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மாதிரிக் கணக்குகளில் நாணயத்தின் பெயரைப் போடவில்லை. உங்களுக்குப் பழகியதைப் பொருத்திக்கொள்ளுங்கள். புள்ளிவிவரங்களில் அமெரிக்கா அடிக்கடி தலைகாட்டும். குடும்பங்களின் கடனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகைவாரியாக எண்ணி வெளியிடும் வழக்கம் அங்கே நெடுநாளாக இருக்கிறது, அதனால்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒரு குடும்பத்துக்குக் கார்டுக் கடன் எவ்வளவு?

அமெரிக்க மத்திய வங்கி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களின் நிதிநிலையைக் கணக்கெடுக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்குச் சுமார் 45 குடும்பங்கள் கார்டு நிலுவையை முழுதாகக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. அந்தக் குடும்பங்களின் சராசரி நிலுவை ஏறத்தாழ 6,100 டாலர். அதே குடும்பங்களைக் கடன் தொகைப்படி வரிசையில் நிற்க வைத்தால், சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிலுவை 2,700 டாலர்தான். மீதமுள்ள 55 குடும்பங்களில் சில கார்டே வைத்திருக்கவில்லை, மற்றவை மாதாமாதம் முழுதாகக் கட்டிவிடுகின்றன.

ஆக, பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு விடை பூஜ்யம். கடனுள்ளவர்களில் நடுவில் இருப்பவருக்கு 2,700. சராசரி 6,100. மூன்றும் உண்மை. எதைக் கேட்டால் உங்களுக்கு நிம்மதி வருமோ அதையே மனம் எடுத்துக்கொள்ளும், அதுதான் சிக்கல்.

சராசரிக்கும் நடுவில் நிற்பவருக்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம்?

பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்குக் கடனே இல்லை. மற்ற ஆறு பேருக்கு, ஆயிரக் கணக்கில், 5, 10, 15, 20, 50, 500. மொத்தம் 600. பத்துப் பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 60. கடன்காரர்கள் ஆறு பேருக்கு மட்டும் பங்கிட்டால் 100. பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் ஏழரை. ஆறு பேரை மட்டும் நிறுத்தினால் நடுவில் பதினேழரை.

ஒரே கூட்டத்துக்கு நான்கு விடைகள், ஒன்றுகூடப் பொய் இல்லை. சராசரி 60 என்று வந்ததே, அந்தப் பத்துப் பேரில் 60-ஐ ஒட்டிக் கடன் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். எட்டுப் பேர் 20-க்குள் அடங்கிவிடுகிறார்கள். ஐந்நூறு வைத்திருக்கும் அந்த ஒருவர் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துவிட்டார். அடுத்த முறை 'சராசரிக் கடன்' என்று தலைப்புச் செய்தி வந்தால், எத்தனை பேருக்குப் பங்கிட்டார்கள், கடனில்லாதவர்களைச் சேர்த்தார்களா என்று மட்டும் பாருங்கள்.

லட்சம் கோடி டாலர் கார்டுக் கடன் என்று செய்தி வருகிறதே, அது?

நியூயார்க் மத்திய வங்கிக் கிளையின் காலாண்டு அறிக்கையிலிருந்து வரும் எண் அது. 2023-ன் இரண்டாம் காலாண்டில் அமெரிக்கர்களின் கார்டு நிலுவை முதன்முறையாக ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2024 முடிவில் 1.21 லட்சம் கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதே நாளில் அந்நாட்டுக் குடும்பங்களின் மொத்தக் கடன் சுமார் 18 லட்சம் கோடி, அதில் 12.6 லட்சம் கோடி வீட்டுக் கடன். கார்டின் பங்கு நூற்றுக்கு ஏழுகூட இல்லை. பங்கு சிறிது, வட்டி பெரிது என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

இன்னொன்று. அந்த எண்ணில் அடுத்த வாரம் முழுதாகக் கட்டப்போகிறவர்களின் நிலுவையும் அடக்கம். ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த படம் அது. பயணச் சீட்டையும் மளிகையையும் கார்டில் வாங்கிவிட்டுக் கெடு தேதிக்குள் மொத்தத்தையும் கட்டுபவர்கூட அந்தப் படத்தில் கடன்காரராகத்தான் நிற்பார். வட்டி கட்டுபவர், கட்டாதவர் என்று பிரிக்காமல் எந்தக் கார்டுக் கடன் எண்ணையும் நான் நம்புவதில்லை.

நுகர்வோர் கடன் என்றால் கார்டு மட்டும்தானா?

இல்லை. வாகனக் கடன், கல்விக் கடன், தனிநபர் கடன், கடைகளில் தவணைக்கு வாங்கும் பொருள்கள் எல்லாம் அதில் வரும். வீட்டுக் கடனை வழக்கமாகத் தனியே வைப்பார்கள். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று செல்பேசிச் செயலிகள் தரும் குட்டிக் கடன்கள் பல இடங்களில் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் முழுதாக ஏறுவதில்லை. ஆகவே அந்த வகையில் உண்மைத் தொகை அறிக்கையில் இருப்பதைவிடக் கூடுதல் என்றே கொள்ளலாம்.

எந்த நாட்டவருக்குக் கடன் அதிகம்?

எல்லாக் கடனையும் சேர்த்துக் குடும்ப வருமானத்தோடு ஒப்பிட்டால், நார்வே, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற பணக்கார நாடுகள்தான் முன்னால் நிற்கும். ஓராண்டு வருமானத்தைப் போல இரு மடங்கை ஒட்டிக் கடன். அமெரிக்காவில் அது ஏறத்தாழ ஒரு மடங்கு. ஆனால் அந்த நாடுகளின் கடனில் பெரும்பகுதி வீட்டின் மேல் வாங்கியது. அடியில் ஒரு சொத்து இருக்கிறது. தின்று தீர்த்த சாப்பாட்டுக்கு வட்டி கட்டுவதும், குடியிருக்கும் வீட்டுக்கு வட்டி கட்டுவதும் ஒன்றாகுமா?

கார்டை மட்டும் பார்த்தால் நிலைமை பழக்கத்தைப் பொறுத்து மாறும். ஜெர்மனியில் பெரும்பாலான கார்டுகள் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து மொத்தத்தையும் தாமாகவே எடுத்துக்கொள்ளும். நிலுவையை அடுத்த மாதத்துக்கு உருட்டும் பேச்சே எழாது. கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வசதிதான் அங்கே கடனாகிறது.

தென் கொரியாவின் கதை வேறு. வணிக வருமானம் கணக்கில் வரவேண்டும், மக்கள் செலவும் செய்யவேண்டும் என்று நினைத்த அரசு, 1999 முதல் கார்டில் செலவழித்தால் வரிச் சலுகை தந்தது. கார்டு ரசீதுகளுக்குக் குலுக்கல் பரிசுகூட வைத்தது. 2002 முடிவில், ஐந்து கோடிக்கும் குறைவான மக்கள் கொண்ட அந்நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் கார்டுகள். ஒரு கார்டின் கடனை இன்னொரு கார்டில் பணம் எடுத்து அடைப்பது வாடிக்கையாகிப் போனது. 2003-ல் எல்லாம் சரிந்தது. நாட்டின் மிகப்பெரிய கார்டு நிறுவனமான எல்ஜி கார்டைக் கடன் கொடுத்த வங்கிகள் சேர்ந்து தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. கார்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைவிட, ஒரே ஆளிடம் எத்தனை கார்டு இருக்கிறது என்று பார்ப்பது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

கார்டுக்கு மட்டும் வட்டி ஏன் இப்படிக் கொளுத்துகிறது?

வங்கிக்காரர் சொல்லும் காரணம்: அடமானம் கிடையாது, சிலர் கட்டாமல் போவார்கள், அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் வட்டி. அது பாதி உண்மை. மீதிப் பாதி, சட்டம் எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் வந்த கார்டுகளில் வட்டியே இல்லை. 1950-ல் தொடங்கிய டைனர்ஸ் கிளப் கார்டில், பில் வந்தால் முழுதாகக் கட்ட வேண்டும். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில், யாரும் கேட்காமலேயே சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. அதில் கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை உருட்டலாம். பிற்காலத்தில் விசா என்று பெயர் மாறியது அந்தக் கார்டுதான். பிறகு 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு வங்கி எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறதோ அந்த மாநிலத்தின் வட்டி விதியே நாடு முழுவதும் அதற்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வட்டி வரம்பே இல்லாத மாநிலத்துக்கு வங்கிகள் தங்கள் கார்டுத் தொழிலை மாற்றிக்கொண்டன. சிட்டிபேங்க் தெற்கு டகோட்டாவுக்குப் போனது அப்படித்தான்.

இந்தியாவில் 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்றது. வழக்கு பதினாறு ஆண்டு கிடந்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிரேசிலில் உருட்டும் நிலுவைக்கு ஆண்டு வட்டி 400 சதவீதத்தைத் தாண்டியது. அச்சுப் பிழை இல்லை. 2024 ஜனவரியிலிருந்து அங்கே புதிய விதி: வட்டியும் கட்டணமும் சேர்ந்து முதலில் இருந்த கடன் தொகையைத் தாண்டக்கூடாது. அதாவது நூறு கடன் இருநூறோடு நின்றுவிட வேண்டும்.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். கடன் ஏன் குறைவதில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காகிதத்தையும் பென்சிலையும் எடுப்பேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலுவை 1,00,000. மாத வட்டி 3.5 சதவீதம். குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் 5 சதவீதம். புதிதாக எதுவும் வாங்கவில்லை. முதல் மாத வட்டி 3,500 சேர்ந்து நிலுவை 1,03,500 ஆகிறது. அதில் 5 சதவீதம் 5,175. கட்டிவிட்டீர்கள். மீதி 98,325. ஐயாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கிறது, கடன் குறைந்தது 1,675.

இப்படியே ஓராண்டு. ஏறத்தாழ 56,700 கட்டியிருப்பீர்கள். அதில் வட்டிக்குப் போனது 38,300-க்கு மேல். கடன் இன்னும் 81,600 இருக்கும். பாதியாகக் குறையவே 41 மாதங்கள் ஆகும். மூன்றரை ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர், "நான் ஒரு மாதம்கூடத் தவறியதில்லையே" என்று கேட்கும்போது எனக்குச் சொல்ல வார்த்தை வராது. அவர் தவறவில்லைதான்.

சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? நிலுவை குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். முதல் மாதம் 5,175, அடுத்த மாதம் 5,088, அதற்கடுத்து 5,003. சுமை குறைகிறது என்று மனம் மகிழ்கிறது. கடன் இழுத்துக்கொண்டே போகிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். ஸ்டேட்மென்ட் என்ன கேட்டாலும் பொருட்படுத்தாமல், முதல் மாதம் கட்டிய அதே 5,175-ஐ ஒவ்வொரு மாதமும் கட்டுகிறீர்கள். 33-ஆவது மாதம் கடன் தீர்ந்துவிடும். குறைந்தபட்சத் தொகையையே கட்டியவருக்கு அந்த 33-ஆவது மாதம் 57,000-க்கு மேல் பாக்கி இருக்கும். முதல் மாதத்தில் இருவரும் ஒரே தொகையைத்தான் கட்டினார்கள்.

அமெரிக்காவில் 2009-ல் வந்த கார்டுச் சட்டத்துக்குப் பின், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எத்தனை ஆண்டு ஆகும், மூன்றாண்டில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் அச்சிட்டாக வேண்டும். நல்ல விதிதான். இருந்தும் அங்கே கார்டுக் கணக்குகளை அலசிய ஓர் ஆய்வில், 29 சதவீதக் கணக்குகளில் வழக்கமாகக் குறைந்தபட்சத் தொகையோ அதை ஒட்டிய தொகையோதான் கட்டப்படுகிறது என்று தெரியவந்தது. கையில் பணமில்லாதது மட்டுமே காரணமில்லை. தடித்த எழுத்தில் ஒரு சிறிய தொகையைக் கண்ணெதிரே அச்சிட்டால், கூடுதலாகக் கட்ட முடிந்தவர்கூட அதன் பக்கம் சாய்கிறார் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டி உண்டா?

பெரும்பாலான கார்டுகளில் உண்டு, வாங்கிய நாளிலிருந்தே. நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லை என்ற சலுகை முழுதாகக் கட்டுபவருக்கு மட்டும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் முழுதாகக் கட்டுபவருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

எவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை?

பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: வீட்டுக் கடன் நீங்கலாக மற்றக் கடன்கள் எல்லாம் சேர்ந்து, கைக்கு வரும் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அவற்றுக்கான மாதத் தவணை மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மோசமான அளவுகோல் இல்லை. ஆனால் அது எல்லாக் கடனையும் ஒரே தராசில் போடுகிறது. ஒன்பது சதவீத வாகனக் கடனும் நாற்பத்திரண்டு சதவீதக் கார்டுக் கடனும் ஒரே எடை இல்லை.

எனக்குப் பிடித்த அளவுகோல் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் கொண்டுவந்தது. கடந்த 18 மாதங்களில் ஒருவர் அசலுக்குக் கட்டியதைவிட வட்டிக்கும் கட்டணங்களுக்கும் அதிகமாகக் கட்டியிருந்தால், அது விடாப்பிடியான கடன். கார்டு நிறுவனமே அவரைத் தொடர்புகொண்டு வேகமாக அடைக்க வழி சொல்ல வேண்டும். இதில் தொகையைப் பற்றிய பேச்சே இல்லை, கவனித்தீர்களா? பத்தாயிரம் கடன் உள்ளவரும் இதில் மாட்டலாம், பத்து லட்சம் உள்ளவர் மாட்டாமலும் இருக்கலாம்.

பதினெட்டு மாத ஸ்டேட்மென்ட் கைவசம் இல்லையென்றால் மூன்று போதும். மூன்றிலும் 'மொத்த நிலுவை' என்ற வரியை மட்டும் அடிக்கோடிட்டு அடுத்தடுத்து வையுங்கள். எண் இறங்குகிறதா, ஏறுகிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உலகச் சராசரி அப்புறம்.

மக்கள் தங்கள் கார்டுக் கடனைச் சரியாகச் சொல்கிறார்களா?

சொல்வதில்லை. கணக்கெடுப்பில் குடும்பங்கள் சொல்வதையும் கடன் கொடுத்தவர்களின் ஏட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், வீட்டுக் கடனும் வாகனக் கடனும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. கார்டுக் கடன் மட்டும் சொல்லும்போது குறைந்துவிடுகிறது. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஒருமுறை ஒருவர் வந்தார். இரண்டு கார்டு, மொத்தம் ஒன்றரை லட்சம் இருக்கும் என்றார். எழுதத் தொடங்கினோம். கார்டிலேயே தவணையாக மாற்றிய செல்பேசி ஒன்று இருந்தது. அது 'கடன்' இல்லையாம், தவணையாம். மனைவி பெயரில் எடுத்த கூடுதல் கார்டு ஒன்று. அதன் நிலுவையும் இவர் தலையில்தான். நிறுத்திவிட்டதாக நினைத்த மூன்றாவது கார்டில் ஆண்டுக் கட்டணமும் அதற்கான தாமதக் கட்டணமும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன. கூட்டி முடித்தபோது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். அவர் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதோ என்று.

வங்கியில் சேமிப்பு வைத்துக்கொண்டே கார்டுக்கு வட்டி கட்டுபவர்கள் உண்டா?

ஏராளம். பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் புதிர் என்றே அழைக்கிறார்கள். ஒரு லட்சத்தை ஆறு சதவீதத்தில் சேமித்துக்கொண்டு, அதே ஒரு லட்சத்துக்கு நாற்பத்திரண்டு சதவீதம் வட்டி கட்டினால் ஆண்டுக்கு 36,000 நஷ்டம். கணக்கு சொல்வது: சேமிப்பை உடைத்துக் கடனை அடை.

ஆனால் அப்படிச் செய்பவரை நான் ஒரேயடியாக முட்டாள் என்று சொல்ல மாட்டேன். கார்டால் வாடகை கட்ட முடியாத இடங்கள் உண்டு. வேலை போனால் வங்கி கார்டு வரம்பைக் குறைத்துவிடலாம். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கடனில் போடுங்கள் என்பேன். மகள் கல்யாணத்துக்கென்று போட்ட வைப்புநிதியைத் தொடக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் மட்டும் என் வாதம் எடுபடுவதில்லை.

வரம்பை உயர்த்தித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் 2002-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, வரம்பு நூறு டாலர் உயர்ந்தால் கடன் 10 முதல் 14 டாலர் வரை உயர்கிறது என்று கண்டது. முன்பிருந்த வரம்பைத் தொடாதவர்களின் கடனும் உயர்ந்தது. நிலுவையை உருட்டுபவர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று கார்டுகளில் நிலுவை இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சும் பணம் முழுவதையும் வட்டி அதிகமுள்ள கார்டில் போடுங்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் பிரிட்டனில் கார்டுக் கணக்குகளைப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது வேறு: எந்தக் கார்டில் நிலுவை அதிகமோ அதற்கேற்ற விகிதத்தில் பணத்தைப் பிரித்துக் கட்டுகிறார்கள், வட்டியைப் பார்ப்பதே இல்லை. ஒன்றில் 80,000 நிலுவை, 24 சதவீதம். இன்னொன்றில் 20,000, 42 சதவீதம் என்றால், கை தானாகவே பெரிய எண்ணின் பக்கம் போகிறது. கொளுத்துவது சின்னது.

சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று ஒரு கட்சி உண்டு. வட்டி வித்தியாசம் சொற்பமாக இருந்தால் அப்படியும் செய்யலாம்.

தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடைக்கலாமா?

வட்டி பாதிக்குக் கீழே வருமானால் லாபம்தான். அதைவிட, கடைசித் தவணை எந்த மாதம் என்று தெரிந்திருப்பது பெரிய ஆறுதல். ஆனால் காலியான கார்டு அலமாரியில் சும்மா இருப்பதில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துத் தனிநபர் கடனும் கார்டுக் கடனுமாக இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடனை மாற்றும் அன்றே கார்டு வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கட்டவே முடியவில்லை என்றால்?

முதல் மாதம் தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதுங்கள். தவணையாக மாற்றுவது, வட்டியைக் குறைப்பது எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் எளிதாகக் கிடைக்கும். பல நாடுகளில் 90 நாள் தாண்டினால் வங்கியின் ஏட்டில் அது வாராக் கடன் வரிசைக்குப் போய்விடும். பிறகு பேசுபவர் வேறு ஆள், தொனியும் வேறு. வசூல் முகவர்களுக்கும் நேரம் காலம் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. அமெரிக்கச் சட்டத்தில் காலை 8, இரவு 9.

ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், வாய்வார்த்தையை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். தொகை, தேதி, மீதி எதுவும் கோரப்படாது என்ற வாசகம், மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் பணம். 'முழுதாகக் கட்டி முடித்தது' என்பதும் 'சமரசத்தில் முடித்தது' என்பதும் கடன் அறிக்கையில் வேறு வேறாகத்தான் பதிவாகும்.

கார்டு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் பிள்ளைகள் கட்ட வேண்டுமா?

பொதுவாக, இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து வசூலிப்பார்கள். சொத்து இல்லையென்றால் வங்கிக்கு நஷ்டம். கூட்டாகக் கையெழுத்திட்டவர், ஜாமீன் நின்றவர் கட்ட வேண்டும். வாழ்க்கைத் துணைக்குப் பொறுப்பு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். துக்க வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கட்டச் சொன்னால், உடனே ஒப்புக்கொள்ளாமல் எழுத்தில் கேளுங்கள்.

ஒருவழியாக மொத்த நிலுவையும் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி ஒரு சிறு வட்டி வந்திருக்கிறதே?

ஏமாற்று இல்லை. ஸ்டேட்மென்ட் அச்சான நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையே இருபது நாள் போயிருக்கும். அந்த இருபது நாளும் பழைய நிலுவைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அது அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் தலைகாட்டும். கார்டை முடித்துவிட்டோம் என்று அந்தத் தபாலைப் பிரிக்காமல் விட்டவர்களுக்கு, நூற்றைம்பது பாக்கிக்கு ஐந்நூறு தாமதக் கட்டணம் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டப்போகும் அன்று வங்கியை அழைத்து, இன்றைய தேதி வரை வட்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அதன்பின் இரண்டு ஸ்டேட்மென்ட் பூஜ்யமாக வந்ததும் கணக்கை மூடச் சொல்லி எழுதிக்கொடுத்து, மூடியதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.